நடு அளவு

அந்த நகரத்தில் லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிந்த நடுத்தர உடம்புக்காரர்களில் பாதிப் பேர், தங்களுக்கே தெரியாமல், ஒரே மனிதரின் உடம்பைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பட்டறையில் அவருக்கு ‘அளவண்ணன்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அவர் திரும்பிப் பார்க்கவே ஒரு நொடி ஆகும்.

தோல் வெட்டும் மேசைக்கு வேலைக்கு வந்தவர் அவர். வந்த புதிதில் முதலாளி புது மாடல் ஒன்றைக் காடாத் துணியில் தைத்து வைத்துக்கொண்டு, போட்டுப் பார்க்க ஆள் தேடினார். கண்ணில் பட்டவர் இவர். மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் போய் உட்கார்ந்தது. கையைத் தொங்கவிட்டால் ஜாக்கெட் கையின் ஓரம் மணிக்கட்டைத் தொட்டு நின்றது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. முதலாளி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“யோவ், உன்னை எவன்யா செஞ்சான்? அட்டையில வரைஞ்சு வெட்டின மாதிரி இருக்கே!”

அன்றிலிருந்து எந்தப் புது மாடலும் முதலில் அவர் உடம்பில்தான் ஏறும். துணியில் தைத்து அவருக்கு மாட்டி, முதலாளி சாக்பீஸால் கோடு போட்டு, குண்டூசி குத்திச் சரி செய்வார். அந்தத் துணியைப் பிரித்து அதன்படி அட்டை வெட்டினால் அது மீடியம். அட்டையில் ஓரம் குறைத்தால் ஸ்மால், கூட்டினால் லார்ஜ். அதற்குப் பிறகுதான் தோலில் கத்தி படும். துணியைப் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி ஏறிய ஓட்டை மறையவே மறையாது. அதனால் அந்த மீடியம் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

“டேப்பு இழுபடும்யா. ஒருத்தன் பிடிச்சா ஒரு அளவு, இன்னொருத்தன் பிடிச்சா இன்னொரு அளவு. இவன் உடம்பு பொய் சொல்லாது” என்பார் முதலாளி.

அந்த உடம்பு பொய் சொல்லாமல் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி. அதே பட்டறையில், ஜன்னலோர மெஷினில், ஜாக்கெட்டுகளுக்கு லைனிங் தைக்கிறவள். வீட்டில் அவர் தட்டில் விழுவது கூடவும் கூடாது, குறையவும் கூடாது. விருந்து வீட்டில் அவர் இன்னொரு கரண்டி கேட்க வாயைத் திறந்தால், எதிர்வரிசையிலிருந்து இவள் கண் அவரைப் பிடித்துவிடும். “அம்மா அப்பாவுக்குச் சாப்பாடு போடல, மெயின்டனன்ஸ் பாக்குறா” என்று மகள் சிரிப்பாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபிறகு, சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த இரண்டு அறைகளில் அப்படிச் சிரிக்க ஆள் இல்லை.

கோடை முடியும் சமயத்தில் அவள் கவனித்தாள். அவருடைய சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் அவள் விரல் தாராளமாக நுழைந்தது.

“ஏங்க, இளைச்சிட்டீங்க.”

“வெயில்ல வத்தியிருப்பேன். குளிர் வந்தா ஏறிடும்.”

“அதே வெயில்லதானே நானும் இருக்கேன்? உங்களுக்கு மட்டும் தனியா அடிச்சுதா?”

அவர் சிரித்தார். ஆனால் தட்டில் முட்டையும் ரொட்டியும் பாதி அப்படியே கிடந்தன. சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சுக்குழிக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் மடங்கி உட்கார்ந்தார்.

“என்னங்க அங்க?”

“காத்துதான்.”

“காத்துக்கு ஏன் மூஞ்சி வெளுக்குது? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“குளிர்கால மாடல் எல்லாம் இப்பதான் ஏறப்போகுது. இப்போ போய் ஆஸ்பத்திரியில படுத்தா, முதலாளி என்ன செய்வாரு? எனக்காகக் குளிரை நிறுத்தி வைப்பாரா? வேற ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்துவாரு. அட்டை பூரா அவன் உடம்புக்கு மாறிடும். அப்புறம் நான் திரும்பி வந்தா எனக்கு என்ன இருக்கு? பசை மேசைதான். அந்த நாத்தத்துல ஒரு வாரம் உக்காந்து மயங்கி விழுந்தவன் நான். இந்த லாட்டு முடியட்டும். மறுநாளே வரேன், நீ சொல்ற டாக்டர்கிட்ட.”

“லாட்டு முடியறவரைக்கும் இந்த உடம்பை முதலாளி பாக்க மாட்டாரா? அவரு கண்ணு என்ன பொட்டையா?”

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகெலும்பு பனியன் வழியாகத் தெரிந்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

“குளிர்கால மாடலுக்கு ஸ்வெட்டர் மேலதானே போட்டுப் பாப்பாரு?”

“ஆமா.”

“அப்ப உள்ள ஒண்ணு தைக்கிறேன்.”

வாக்குக் கொடுத்தால்தான் தைப்பேன் என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்து, லாட்டு முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சத்தியம் செய்தார். அவள் மறுநாள் பட்டறையிலிருந்து கழிவு லைனிங்கும் பஞ்சுத் தகடும் கொண்டுவந்தாள். வீட்டில் பட்டறையின் பழைய மீடியம் ஜாக்கெட் ஒன்று இருந்தது. அதை அவருக்கு மாட்டி, உள்ளே எங்கெல்லாம் காற்று நிற்கிறதோ அங்கெல்லாம் விரல் விட்டுப் பார்த்தாள். அங்கெல்லாம் பஞ்சு வைத்து ஒரு கையில்லாத பனியன் தைத்தாள். நெஞ்சில் ஒரு மடிப்பு, விலாவில் ஒரு மடிப்பு. திருப்பி நிறுத்தினாள், குனிந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள்.

“கல்யாணத்தன்னைக்குக்கூட நீ என்னை இவ்வளவு நேரம் பாக்கல” என்றார்.

“அன்னைக்குப் பாக்க என்ன இருந்துச்சு? எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

முதல் ட்ரையல் அன்று அவள் மெஷினில் நூல் கோக்கவே இல்லை. கோப்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள். அளவண்ணன் வழக்கமான இடத்தில், ட்யூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றார். முதலாளி துணி ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை ஏற்றினார். நெஞ்சு நிறைந்தது. விலா நிறைந்தது. அவள் மூச்சு வந்தது.

“என்னய்யா இப்படி வேர்க்குது?”

“ஸ்வெட்டர் போட்டு விசிறிக்குக் கீழ நிறுத்துங்க, அதையும் ஓடாத விசிறியா பாத்து நிறுத்துங்க. அப்புறம் ஏன் வேர்க்குதுன்னு கேளுங்க.”

பட்டறையே சிரித்தது. முதலாளியும் சிரித்துக்கொண்டே குண்டூசியை வாயில் கவ்வினார். நின்று நின்று அளவண்ணனின் வயிற்றில் அந்த வலி மெல்ல எழுந்தது. யாரும் சொல்ல முடியாத அளவுக்கு, மிக லேசாக, முன்னால் மடங்கினார். முன்பக்கத் துணி தளர்ந்து வயிற்றில் தொங்கியது. முதலாளி முகம் சுளித்தார்.

“முன்னால துணி கூடிப்போச்சே? நான் வரைஞ்சதுல எங்கயோ தப்பு.”

முன்னால் தொங்கியதைப் பிடித்துச் சுருக்கி ஊசி குத்தினார். பின்னால் இழுத்ததைத் தளர்த்திவிட்டார். இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. தள்ளி நின்று பார்த்துத் தலையாட்டினார். ஜன்னலோரத்தில் இருந்தவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் கண் முழுக்கப் பஞ்சின் மேலே இருந்தது, எங்கேயாவது நழுவிவிடுமோ என்று. அவர் நிற்கும் விதத்தை அவள் பார்க்கவில்லை.

அந்தப் பருவத்தில் எல்லா மாடலும் அப்படித்தான் ஏறின. மழை பிடித்தது. பட்டறைக்குள் தோல் வாடையும் பசை வாடையும் ஈரத்தில் கனத்துக் கிடந்தன. வெட்டும் மேசையில் கத்திகள் ஓயவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஆவி தகரக் கூரையில் முட்டிச் சொட்டியது. வீட்டில் அவள் பாலில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுத்தாள். அதுவும் நிற்கவில்லை. ஒவ்வொரு ட்ரையலுக்கு முந்தைய மாலையும் பழைய மீடியம் ஜாக்கெட்டை அவருக்கு மாட்டி விரல் விட்டுப் பார்ப்பாள்; காற்று நிற்கும்; இன்னொரு மடிப்பு வைப்பாள். மகள் இரண்டு நாள் வந்து தங்கிப் போனாள். அப்பா குளிருக்கு ஸ்வெட்டரைக் கழற்றுவதே இல்லை என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

“மகளுக்குக்கூடத் தெரியல பாத்தியா?” என்றார் அவர், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

குளிர் வந்தது. ஜாக்கெட்டுகள் கடைக்குப் போயின. இன்னும் ஒரு லாட்டு பாக்கி என்று சொல்லி அவர் சத்தியத்தைத் தள்ளிப்போட்டார்.

கடை பட்டறைக்கு முன்புறத் தெருவில் இருந்தது. அங்கே விற்பனைக்கு நின்றவன் அவளுடைய தம்பி. நாள் முழுக்க ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் அவனுக்குக் ‘கண்ணாடி’ என்றே பெயர். குளிர் தொடங்கி, மற்ற கடைகளில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவன் அக்காவைத் தேடி மெஷினுக்கே வந்தான்.

“அக்கா, கொஞ்சம் கடைக்கு வா. லைனிங்ல என்னமோ கோளாறுங்கறாரு முதலாளி.”

“என் லைனிங்லயா?”

“தோல் நல்லாருக்கு, கலர் நல்லாருக்கு, ஜிப்பு வெண்ணெய் மாதிரி ஓடுது. ஆனா எடுக்கறவன் எல்லாம் போட்டுப் பாத்துட்டுத் திருப்பி மாட்டிட்டுப் போறான். லைனிங் குறைச்சலா வெட்டி, உள்ள இழுக்குதுன்னு அவரு நினைக்கிறாரு. கோவமா இருக்காரு. நீயே வந்து பாரு.”

அவள் போனபோது இளம் கணவன் மனைவி ஒரு ஜோடி கடையில் இருந்தது. கண்ணாடி தன் வேலையைத் தொடங்கினான்.

“மொதல்ல கலரைப் பாக்காதீங்க சார். இங்க, இப்படித் தோலைக் கிள்ளி விடுங்க. சுருக்கம் வந்து தானா மறையுதா? அதான் நல்ல தோல். மேல பெயின்ட் அடிச்சு மறைச்சதுன்னா பிளாஸ்டிக் பை மாதிரி மடிஞ்சு அப்படியே நிக்கும். இப்போ மோந்து பாருங்க. தோல் வாசம் வரணும், பெயின்ட் கடை வாசம் வரக்கூடாது. ரோமக்கால் தெரியுதா, சின்னச் சின்னப் புள்ளியா? அது தெரிஞ்சா பயப்படாதீங்க, தெரியலேன்னாத்தான் பயப்படணும்.”

“மாடு மூஞ்சியைக் காட்டாம இருந்தா சரி” என்றாள் இளம் மனைவி.

“அது உங்க வீட்டுக்காரர் மூஞ்சி வந்து சேர்ற இடம்மா, மாட்டுக்கு அங்க எடம் இல்ல” என்றான் கண்ணாடி. கணவனே சிரித்துவிட்டான். “போட்டுக்குங்க சார். தோள் தையல் எலும்புல நிக்கணும். ஜிப்பைப் பூரா ஏத்துங்க. இப்போ உங்களை நீங்களே கட்டிப் பிடிங்க. வெட்கப்படாதீங்க. முதுகு பிடிக்கக் கூடாது. அப்புறம் அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கழுத்தை வந்து ஜாக்கெட் முட்டக் கூடாது. முக்கியமா, கண்ணாடியைப் பாக்காதீங்க. கண்ணாடி நீங்க நினைக்கிறதைத்தான் காட்டும். கூட வந்தவங்க மூஞ்சியைப் பாருங்க. அதுல தெரிஞ்சுடும், உங்களுக்கு இது எடுக்குதா எடுக்கலையான்னு.”

கணவன் நிமிர்ந்து நின்று மனைவியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் மெல்லச் சுருங்கியது.

“என்னமோ மாதிரி இருக்கு. முன்னால தூக்கிக்கிட்டு நிக்குது. பின்னால கழுத்துக்குக் கீழ பாருங்க, யாரோ கொத்தாப் பிடிச்சுத் தூக்கற மாதிரி.”

“கையும் முன்னால இழுக்குது” என்றான் அவன். வேறு ஒன்று போட்டான். அதுவும் அப்படியே. லார்ஜ் போட்டான். அகலம் கூடியது, தூக்கல் குறையவில்லை. கழற்றி வைத்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போனார்கள்.

“பாத்தியா?” என்றான் கண்ணாடி. “யாருக்குப் போட்டாலும் இதே கதைதான். எல்லா சைஸும் இப்படித்தான்.”

அவள் ஒரு ஜாக்கெட்டை உள்ளே திருப்பித் தன் லைனிங்கை விரலால் தடவிப் பார்த்தாள். தளர்வாகத்தான் இருந்தது. எங்கேயும் இழுக்கவில்லை. பிறகு ஹேங்கர் வரிசையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம், கைகள் முன்னோக்கி. ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரி, எல்லாமே லேசாகக் குனிந்து தொங்கின. எங்கேயோ பார்த்த முதுகு மாதிரி இருந்தது. எங்கே என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை.

அப்போது ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. பின்னாலேயே அவர் மனைவி, ஒரு பையும் தண்ணீர் பாட்டிலுமாக. வந்தவர் ஒரு கையை வயிற்றோடு அணைத்தபடி இருந்தார்.

“குளிருக்கு ஒண்ணு வேணும் தம்பி. எந்தக் கடையிலயும் எனக்குச் சரியா அமையல” என்றார். “போட்டா முன்னால பை மாதிரி தொங்குது. பின்னால இடுப்பு தெரியுது.”

கண்ணாடி ஒரு மீடியத்தை எடுத்துப் போட்டுவிட்டான். ஜிப்பை ஏற்றினான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், கைகளை முன்னால் நீட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. முன்பக்கம் அவர் மடிந்த வயிற்றோடு படிந்து நின்றது. பின்பக்கம் இடுப்பை மூடி இறங்கியது. அவர் மனைவி முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயோ, உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு!”

“யாரு தம்பி தச்சது?” என்றார் அவர், ஜாக்கெட்டின் முன்பக்கத்தைத் தடவியபடி. “வலிக்கிற இடத்துல அழுத்தவே இல்ல. தெரிஞ்சு தச்சவங்க யாரோ.”

 அவள் அந்த மனைவியின் பக்கம் போனாள்.

“அவருக்கு உடம்பு என்னம்மா?”

அந்தப் பெண் குரலை இறக்கினாள். “வயித்துல கட்டி. நிமிர முடியல. மொதல்ல காத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நானும் நம்பினேன். சாப்பாடு குறைஞ்சுது, ஆளு இளைச்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போனப்போ வயித்தைத் திறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டாங்க. இனி செய்ய ஒண்ணும் இல்லையாம். குளிர் தாங்க மாட்டேங்குது அவருக்கு. இந்தக் குளிருக்காவது நல்லதா ஒண்ணு போட்டுக்கட்டும்னுதான்.”

அவர் ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. போட்டபடியே தெருவில் இறங்கி நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் அளவண்ணன் போவது மாதிரியே இருந்தது.

அவள் பட்டறைக்குத் திரும்பினாள். கண்ணாடி கடையைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தான்.

உள்ளே, வெட்டும் மேசை மேல் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. முதலாளி பிளேடால் ஒன்றின் லைனிங்கைப் பிரித்து எறிந்திருந்தார். அளவண்ணன் மேசையின் அந்தக் கோடியில் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“வாம்மா” என்றார் முதலாளி. “எத்தனை வருஷமா தைக்கிற? லைனிங்குக்கு ரெண்டு விரல் தளர்வு விடணும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? ஒரு சீசனையே இழுத்துச் சாத்திட்டியே!”

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கத்தி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீட்டுவதை மட்டும் நிறுத்தியிருந்தார்.

“லைனிங்கைப் பிரிச்சுட்டீங்கல்ல முதலாளி?” என்றாள். “இப்போ அதை என் தம்பிக்குப் போடுங்க.”

கண்ணாடி போட்டுக்கொண்டான். லைனிங் இல்லாமலே முன்பக்கம் தூக்கியது, பின்கழுத்தில் தோல் மடிந்து நின்றது. 

“இப்போ அவருக்குப் போடுங்க.”

“வேணாம்” என்றார் அளவண்ணன்.

“போட்டுக்கய்யா, பாக்கலாம்” என்றார் முதலாளி.

போட்டார். அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது.

“இவனுக்குச் சரியாத்தானே இருக்கு!” முதலாளி கையை விரித்தார்.

“சரியாத்தான் இருக்கும். அவரு நிமிர்ந்து நின்னு எத்தனை நாளாச்சு?” அவள் கணவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். “நிமிருங்க.”

“ஏய், சும்மா இரு.”

“ஒரே ஒரு தடவை நிமிருங்கன்னு சொல்றேன்ல. நிமிர்ந்துட்டீங்கன்னா நான்தான் லைனிங்கைத் தப்பாத் தச்சேன்னு ஒத்துக்கறேன். இந்த வேலையை விட்டே போயிடறேன்.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அளவண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதுகை மெல்ல நிமிர்த்தினார். பாதி வந்தது. அதற்குமேல் வரவில்லை. உதடு வெளுத்தது. மறுபடி மடங்கினார்.

அவள் ஜிப்பை இறக்கினாள். ஸ்வெட்டரை உயர்த்தி, பஞ்சுப் பனியனின் முடிச்சுகளை அவிழ்த்தாள். அவர் கையைத் தட்டிவிடப் பார்த்தார். தட்டிவிடும் பலம் இல்லை. பனியன் மேசைமேல் விழுந்தது. அதற்கு அடியில் இருந்த உடம்பை அங்கே யாருக்கும் தெரியாது.

முதலாளி முதலில் மேசையில் குவிந்திருந்த ஜாக்கெட்டுகளைப் பார்த்தார். பிறகுதான் ஆளைப் பார்த்தார்.

“அடப்பாவி” என்றார்.  “ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா வேற ஆளை நிறுத்தியிருப்பீங்க” என்றார் அளவண்ணன்.

முதலாளி அதை மறுக்கவில்லை. வண்டி கொண்டுவரச் சொல்லிக் கண்ணாடியைத் துரத்தினார். அவன் ஓடும்போது, அவர் கண் அவன் தோளில் ஒரு கணம் நின்று, முதுகில் இறங்கியது. கெட்ட எண்ணம் இல்லை, அந்தக் கண்ணின் பழக்கம் அது. ஆனால் அளவண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

வண்டியில் அவர் ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, “எல்லார் எதிர்லயும் என்னை அவுத்துப் போட்டுட்டியே” என்றார்.

“உங்களை இல்லைங்க. பஞ்சைத்தான் அவுத்துப் போட்டேன்.”

“என் இடம் போச்சு.”

“போகட்டும்.”

“உனக்கென்ன, சொல்லிட்டே.” சற்றுப் பொறுத்துக் கேட்டார். “அந்த ஆளுக்கு நல்லா இருந்துதாமே? மச்சான் சொன்னான்.”

“இருந்துச்சு.”

“அவருக்கு என்னவாம்?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தினார்கள், படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். சில நாள் அலைந்தபிறகு டாக்டரம்மா இருவரையும் உட்காரச் சொன்னார். மேசையில் படங்கள் இருந்தன. டாக்டரம்மா அவற்றைக் காட்டவில்லை.

“எப்போலருந்து இளைக்க ஆரம்பிச்சீங்க?”

“இப்போ கொஞ்ச நாளாத்தான் டாக்டர்” என்றார் அளவண்ணன்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

“கோடை முடியறப்போ நெஞ்சுலயும் விலாவுலயும் மொத மடிப்பு வெச்சேன்” என்றாள் அவள்.

“மடிப்பா?”

“பஞ்சு மடிப்பு டாக்டர். அவரு இளைச்சது வெளிய தெரியாம இருக்க உள்ள வெச்சுத் தச்சேன். மழை பிடிச்சப்போ விலாவுல ரெண்டாவது. பொண்ணு வந்துட்டுப் போனதும் முதுகுல. அப்போ வரைக்கும் ரொட்டி சாப்பிட்டாரு. அதுக்கப்புறம் பால்தான். பால் நிக்காம போனப்போ தோளுக்கும் சேத்து வெச்சேன். கடைசியா குளிர் வந்தப்போ எல்லாத்தையும் பிரிச்சுட்டு ரெண்டு மடங்கா வெச்சேன்.”

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது.

“இவ்வளவு நாளா வீட்டுல யாருமே கவனிக்கலையாம்மா?”

“கவனிச்சேன் டாக்டர்” என்றாள். “வாரா வாரம் விரல் விட்டுப் பாத்தேன். கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.”

 டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அம்மாகிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன்” என்றார் அவரிடம், தன்மையாக.

அளவண்ணன் பாதி எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டார். நாற்காலியை மனைவியின் நாற்காலியோடு ஒட்டி இழுத்துப் போட்டார்.

“இத்தனை வருஷமா என் உடம்பைப் பத்தி மத்தவங்கதான் பேசினாங்க, நான் சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன்” என்றார். “இதை நான் கேட்டுக்கறேன். ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லுங்க.”

டாக்டரம்மா நர்சைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னார்.